கர்ப்பகால சுகர்: நம்ம செட்டிநாட்டுச் சாப்பாட்டை வச்சே எப்படிச் சமாளிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கத்துல இருந்து செக்கப்புக்கு வர்ற கர்ப்பிணிப் பொண்ணுங்களுக்குச் சாப்பாட்டு அளவு சொல்லிக் குடுக்கிறதுதான் என் வேலை. சுகர் இருக்குன்னு ரிப்போர்ட் வந்த அன்னிக்குப் பாதிப் பேரு அழுதுகிட்டேதான் வர்றாங்க, கூட வர்ற ஆச்சி "எங்க காலத்துல இதெல்லாம் ஏது"ம்பாங்க, வீட்டுக்காரர் போன்ல எதையோ பார்த்துட்டு இனிமே சோறே கிடையாதுன்னு முடிவு பண்ணிருப்பாரு. திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்களை இங்க ஒண்ணா எழுதிருக்கேன். மாத்திரை, ஊசி அளவெல்லாம் உங்க டாக்டர் சொல்றதுதான், நான் சொல்றது அடுப்படி சமாச்சாரம்.

எனக்கு முன்னாடி சுகரே கிடையாது, ஸ்வீட்டும் அவ்வளவா சாப்பிட மாட்டேன். எப்படிக்கா வந்துச்சு?

நீங்க எதுவும் தப்பு பண்ணல, அதை முதல்ல மனசுல போட்டுக்கங்க. நஞ்சுக்கொடில இருந்து சில ஹார்மோன் சுரக்கும், பிள்ளைக்குச் சத்து போய்ச் சேரணும்னு அது அம்மாவோட இன்சுலின் வேலையைக் கொஞ்சம் மந்தமாக்கும். அதை ஈடுகட்ட கணையம் கூடுதலா இன்சுலின் சுரக்கணும். பெரும்பாலானவங்களுக்கு சுரந்துடும், சிலருக்கு அவ்வளவு சுரக்க முடியாம போகும், அப்ப ரத்தத்துல சர்க்கரை ஏறும். நஞ்சுக்கொடி வளர வளர இந்த ஹார்மோனும் கூடுறதால 24 வாரத்துக்கு மேலதான் நிறைய பேருக்குத் தெரிய வரும். வெயிட் கூட இருக்கிறவங்க, பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தவங்க, அப்பா அம்மாவுக்கு சுகர் இருக்கிறவங்க, முந்தின பிள்ளை ரொம்ப பெருசாப் பிறந்தவங்க, இவங்களுக்கு வாய்ப்பு அதிகம். இது எதுவுமே இல்லாதவங்களுக்கும் வருது.

எங்க காலத்துல இல்லைன்னு சொல்ற ஆச்சிங்களுக்கு ஒரே பதில்தான், அப்ப யாரும் டெஸ்ட் பண்ணிப் பாக்கல. நம்ம தமிழ்நாட்டுல எல்லாக் கர்ப்பிணிக்கும் பாக்கணும்னு அரசாங்கம் கொண்டுவந்ததே 2007லதான், இந்தியாவுலயே இதை முதல்ல செஞ்சது நம்ம மாநிலம்.

பிஹெச்சில ஒரு மாதிரி டெஸ்ட், பிரைவேட்ல வேற மாதிரி டெஸ்ட். எது சரி?

ரெண்டும் சரிதான், முறை வேற. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல நீங்க சாப்பிட்டுட்டு வந்தாலும் வெறும் வயித்துல வந்தாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணில கரைச்சு அஞ்சு பத்து நிமிஷத்துக்குள்ள குடிக்கச் சொல்லி, 2 மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு தடவை ரத்தம் எடுப்பாங்க. 140 இல்ல அதுக்கு மேல இருந்தா கர்ப்பகால சுகர். இந்த முறையைக் கொண்டுவந்ததுல சென்னை டாக்டர் வி. சேஷையாவுக்குப் பெரிய பங்கு உண்டு, நம்ம ஊரு பொண்ணுங்க பஸ் ஏறி வெறும் வயித்தோட வந்து மணிக்கணக்கா காத்துக் கிடக்க முடியாதுங்கிறதைப் புரிஞ்சு செஞ்ச ஏற்பாடு அது. சில பிரைவேட் ஆஸ்பத்திரில ராத்திரி முழுக்க வெறும் வயித்தோட இருந்துட்டு வரச்சொல்லி மூணு தடவை ரத்தம் எடுப்பாங்க, அங்க வெறும் வயித்துல 92, 1 மணி நேரத்துல 180, 2 மணி நேரத்துல 153, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்டாலே சுகர்னு எடுத்துக்குவாங்க. அதனால ஒரு இடத்துல இல்லைன்னும் இன்னொரு இடத்துல இருக்குன்னும் வரலாம், குழம்பாம ரெண்டு ரிப்போர்ட்டையும் உங்க டாக்டர்கிட்ட காமிங்க.

முதல் செக்கப்புல நார்மல்னு வந்தாலும் 24ல இருந்து 28 வாரத்துக்குள்ள இன்னொரு தடவை கண்டிப்பா பாக்கணும். குளுக்கோஸ் குடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்துட்டா அந்த ரிசல்ட் செல்லாது, நர்ஸ்கிட்ட சொல்லிட்டு மறுநாள் வந்து பண்ணிக்கங்க.

எவ்வளவு இருக்கணும்?

வெறும் வயித்துல 95க்குள்ள. சாப்பிட்டு 1 மணி நேரத்துல 140க்குள்ள, 2 மணி நேரத்துல 120க்குள்ள. சாதாரண சுகர் பேஷண்ட்டுக்குச் சொல்ற கணக்கைவிட இது இறுக்கமானது, அதனால "அப்பச்சிக்கு 160 இருந்தாலே டாக்டர் நல்லாருக்குன்னு சொல்றாரு, எனக்கு 135க்கு ஏன் திட்டுறாரு"ன்னு நினைக்காதீங்க. உங்க சர்க்கரை நஞ்சுக்கொடி வழியா பிள்ளைக்குப் போகும், உங்க இன்சுலின் போகாது. அப்ப பிள்ளையே தன் கணையத்துல கூடுதலா இன்சுலின் சுரந்து அதைச் சமாளிக்கணும், அதுல பிள்ளை தேவைக்கு மேல கொழுத்துப் போகும், பிரசவம் கஷ்டமாகும், பிறந்ததும் பிள்ளைக்கு சுகர் சட்டுனு இறங்கும்.

வீட்டுல மிஷின்ல பாக்குறேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு காட்டுது?

கையைச் சோப்பு போட்டுக் கழுவி நல்லாத் துடைச்சுட்டுக் குத்துறீங்களா? மாம்பழம் நறுக்கிட்டு, பாகு கிண்டிட்டு அப்படியே விரலைக் குத்தினா விரல்ல இருக்கிற இனிப்பும் சேர்ந்து ஏத்திக் காட்டும். விரல் நுனில குத்தாம பக்கவாட்டுல குத்துங்க, வலி கம்மி. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிடுங்க, தேதி முடிஞ்ச ஸ்ட்ரிப் வேணாம். சாப்பிட்டு முடிச்ச நேரத்துல இருந்து எண்ணாதீங்க, முதல் வாய் வச்ச நேரத்துல இருந்து கணக்கு. நோட்டுல வெறும் நம்பர் மட்டும் எழுதிட்டு வராம பக்கத்துலயே என்ன சாப்பிட்டீங்கன்னும் எழுதுங்க, "146, இடியாப்பம் 4, தேங்காப்பால்"னு இருந்தா பாத்ததுமே எனக்குப் புரிஞ்சுடும்.

சோறை நிறுத்திடவா?

வேணாம். மொத்தமா நிறுத்துனா உடம்பு கொழுப்பைக் கரைச்சு கீட்டோன் உண்டாக்கும், அது பிள்ளைக்கு நல்லதில்லை. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 175 கிராம் மாவுச்சத்து வேணும்னு சொல்றாங்க. அதை ஒரே வேளைல கொட்டாம நாள் முழுக்கப் பிரிச்சுச் சாப்பிடணும், விஷயம் அவ்வளவுதான். தோராயமா காலையில 30 கிராம், மதியம் 45, ராத்திரி 45, நடுவுல மூணு தடவை 20, இதுதான் நான் ஆரம்பிச்சு வைக்கிற கணக்கு, அப்புறம் உங்க ரீடிங்கைப் பாத்து கூட்டிக் குறைப்போம்.

இதை அடுப்படிக் கணக்குல சொல்றேன். ஒரு கப் வடிச்ச சோத்துல சுமார் 45 கிராம் இருக்கு. கப்புன்னா தலை தட்டின கப்பு, கோபுரமாக் குவிச்சது இல்ல. ஒரு இட்லில 12லருந்து 15. ஒரு டம்ளர் பால்ல 10லருந்து 12. முட்டை, மீன், கோழில கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. உருளை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி எல்லாம் காய்க் கணக்குல வராது, சோத்துக் கணக்குல வரும், சோறும் உருளை வறுவலும் சாப்பிட்டா ரெண்டு பங்கு சோறு சாப்பிட்ட மாதிரிதான்.

இன்னொரு விஷயம், வரிசை. இலைல உக்காந்ததும் முதல்ல சோத்துல கையை வைக்காதீங்க. வெண்டைக்காய் மண்டியோ, வாழைப்பூக் கூட்டோ, கீரை மசியலோ அதை முதல்ல சாப்பிடுங்க, அடுத்து முட்டையோ மீன் துண்டோ பருப்போ, அப்புறம்தான் குழம்பு ஊத்திச் சோறு. அதே சாப்பாடு, அதே அளவு, வரிசையை மாத்தினாலே 2 மணி நேர ரீடிங் இறங்குறதைப் பாப்பீங்க. மண்டிக்கு அரிசி களைஞ்ச தண்ணி ஊத்துறோமே அதுல சுகர் ஏறாதான்னு ஒருத்தங்க கேட்டாங்க, நல்ல கேள்வி, ஆனா அது ஒரு பொருட்டே இல்ல, தாராளமாச் சாப்பிடுங்க.

மதியம் ராத்திரியெல்லாம் நல்லாருக்கு, காலை டிபனுக்கு அப்புறம் மட்டும் ஏறுது. ஏன்?

இது ரொம்பப் பேருக்கு நடக்குறதுதான். விடியக்காலைல உடம்புல சில ஹார்மோன் கூடுதலா இருக்கும், அந்த நேரத்துல இன்சுலின் வேலை இன்னும் மந்தம். நாமளோ காலையிலதான் மாவுப் பலகாரமா அடுக்குறோம், இட்லி, தோசை, இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், எல்லாமே அரிசி, மேல சர்க்கரை போட்ட காபி வேற. புதுவயல் பக்கத்துல இருந்து வர்ற ஒரு பொண்ணுக்குக் காலை ரீடிங் மட்டும் 150க்கு மேலயே நின்னுச்சு, கேட்டா நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் காபியும். ரெண்டு இட்லி, கெட்டிப் பருப்பு சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு அவிச்ச முட்டைன்னு மாத்தி, காபியைச் சர்க்கரை இல்லாம 11 மணிக்குத் தள்ளி வச்சோம். அந்த வாரமே 120க்குள்ள வந்துருச்சு, ஊசி தேவைப்படல. எல்லாருக்கும் இப்படி நடந்துடாது, ஆனா முயற்சி பண்ணிப் பாக்க வேண்டிய முதல் மாத்தம் இதுதான்.

பச்சைப்பயறு ஊறவச்சு அரைச்ச அடை, காரக் குழிப்பணியாரத்துல பாதி பாசிப்பருப்பு சேத்து ஊத்துறது, இடியாப்பம் ரெண்டு மட்டும் எடுத்துகிட்டு தேங்காப்பாலுக்குப் பதிலா முட்டைக் குழம்போ கொண்டைக்கடலை குருமாவோ, இப்படிப் போங்க. கேழ்வரகு நல்லதுதான், ஆனா கூழா கரைச்சுக் குடிச்சா சீக்கிரம் ஏறும், அடையா முருங்கைக்கீரை போட்டுத் தட்டிச் சாப்பிட்டா மெதுவா ஏறும். பழச்சாறு காலையில வேண்டவே வேணாம், உண்மையில எந்த நேரத்துலயும் வேணாம், பழத்தைப் பழமா கடிச்சுச் சாப்பிடுங்க.

கவுனி அரிசி சுகருக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

இந்தக் கேள்வி வராத நாளே இல்ல. கவுனி நம்ம வீட்டுப் பெருமை, பர்மாவுக்கு வியாபாரம் பண்ணப் போன நம்ம ஆளுங்க கொண்டு வந்தது, தவிடு நீக்காதது, அந்தக் கருஞ்சிவப்பு நிறத்துல நல்ல சத்தும் இருக்கு. ஆனா அதுவும் அரிசிதான். மாவுச்சத்து வெள்ளை அரிசியைவிடப் பெருசா குறைஞ்சுடல, போதாததுக்கு ஒட்டுற ரகம். நாம அதை எப்படிச் சாப்பிடுறோம்னு பாருங்க, குழைய வேகவச்சு, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிண்டி, ஒரு கிண்ணம். அது விருந்துப் பலகாரம், மருந்து இல்ல. ஆசையா இருந்தா சர்க்கரை போடாம உப்புப் போட்டு வேகவச்சு மதியச் சோத்துக்குப் பதிலா அரை கப், தொட்டுக்கக் கோழிக் குழம்பு. சாப்பிட்டு 2 மணி நேரத்துல உங்க மிஷினைக் கேளுங்க. அது சொல்றதுதான் உங்க உடம்புக்குச் சரி, நான் சொல்றதோ வாட்ஸப்புல வர்றதோ இல்ல.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலா கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன்?

சுகர் ஏத்துறதுல மூணுமே ஒண்ணுதான். கருப்பட்டியில கொஞ்சம் இரும்புச்சத்து இருக்கு, அதுக்காக அதைச் சாப்பிட வேண்டியதில்லை, இரும்புக்கு மாத்திரை இருக்கு, கீரை இருக்கு. உளுந்தும் பாசிப்பருப்பும் இருக்குன்னு கும்மாயம் கேக்குறவங்களுக்கும் இதேதான், பருப்பு நல்லது, அதுல போடுற கருப்பட்டிதான் பிரச்சினை.

வளைகாப்பு வருது, பிள்ளையார் நோன்பு வருது. ஒண்ணுமே சாப்பிடக் கூடாதா?

பிள்ளையார் நோன்புல திரி ஏத்தின மாவை வாயில போட்டுக்குவோமே, அந்த இழை எடுத்துக்கிறது விரல் நுனி அளவு மாவுதான், அதுக்குப் போய் பயப்படாதீங்க, சாமி கும்பிட்டு சந்தோஷமா எடுத்துக்கங்க. அதுக்கப்புறம் தட்டு தட்டா வர்ற பலகாரத்துலதான் கவனம் வேணும்.

வளைகாப்புல புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, சர்க்கரைப் பொங்கல்னு எல்லாத்துலயும் "ஒரு வாய், ஒரு வாய்"னு ஊட்டுவாங்க, சேத்துப் பாத்தா ரெண்டு கப் தாண்டிடும். முன்னாடியே அம்மாகிட்டயோ மாமியார்கிட்டயோ சொல்லி வச்சுடுங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பூன்தான்னு. அன்னிக்குக் காலை டிபனுக்கு முட்டை, சுண்டல்னு வச்சுக்கங்க, பட்டினி மட்டும் போடாதீங்க. கந்தரப்பமோ அதிரசமோ ஆசைப்பட்டா பாதி, அதுவும் சாப்பாட்டோட சேத்து, தனியா நாலு மணி காபிக்கு வேணாம். ஒரு நாள் ஒரு ரீடிங் ஏறிடுச்சுன்னா பிள்ளைக்கு ஆபத்து வந்துடாது, தொடர்ந்து ஏறி நிக்கிறதுதான் கெடுதல்.

வீட்ல ஆச்சி "ரெண்டு உசுருக்குச் சாப்பிடு"ன்னு அதட்டுறாங்க. எப்படிச் சொல்றது?

அவங்களை அடுத்த செக்கப்புக்குக் கூட்டிட்டு வாங்க. நம்ம வீடுகள்ல அடுப்படி அவங்க கைலதான் இருக்கு, அவங்களை ஒதுக்கி வச்சுட்டு எந்த டயட்டும் நிக்காது. கர்ப்ப காலத்துல கூடுதலாத் தேவைப்படுறது ஒரு நாளைக்கு 350 கலோரி மாதிரிதான், அதாவது ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கை வேர்க்கடலை, அவ்வளவே. "ஆச்சி, சோறைக் கம்மி பண்ணச் சொல்லிருக்காங்க, அதுக்குப் பதிலா நீங்க செய்ற மீன் குழம்புல ரெண்டு துண்டு கூட வைக்கச் சொல்லிருக்காங்க"ன்னு சொல்லிப் பாருங்க. குறைக்கச் சொன்னா வர்ற கோவம், கூட வைக்கச் சொன்னா வராது.

அசைவம்? மசாலா?

மசாலாவுல சுகர் ஏறாது, நெஞ்செரிச்சல் வேணா வரும். நாட்டுக்கோழி, முட்டை, மீன் எல்லாம் இந்த நேரத்துக்கு ரொம்ப நல்லது. சுறாப்புட்டு மட்டும் இப்ப வேணாம், சுறா மாதிரி பெரிய மீன்ல பாதரசம் சேர்ந்திருக்கும், கர்ப்பிணிக்கு ஆகாது. மத்தி, நெத்திலி, சங்கரா வாங்குங்க. பிரியாணி, பரோட்டாவுல பிரச்சினை கறி இல்ல, கூட வர்ற மாவும் அரிசியும்தான்.

கர்ப்பிணிங்களுக்கு அரசாங்கம் குடுக்குற ஊட்டச்சத்துப் பெட்டகத்துல பேரீச்சம்பழம், நெய், ஹெல்த் மிக்ஸ் எல்லாம் இருக்கே, சாப்பிடலாமா?

நெய் ஒரு ஸ்பூன் சுகரை ஏத்தாது, ஆனா வெயிட் ஏத்தும், அளவாப் போடுங்க. பேரீச்சம்பழம் ரெண்டுலயே 10 கிராமுக்கு மேல மாவுச்சத்து வந்துடும், ஒண்ணோ ரெண்டோ நாலு பாதாமோட இடைத்தீனியா எடுத்துக்கலாம், டப்பாவைப் பக்கத்துல வச்சுகிட்டு டிவி பாக்காதீங்க. அங்கன்வாடி சத்துமாவுல வெல்லம் சேர்ந்திருக்கும், அதைக் கணக்குல சேத்துக்கணும். கடைல கர்ப்பிணிக்குன்னு விக்கிற பவுடர் எதுவா இருந்தாலும் டப்பா பின்னாடி சர்க்கரை எவ்வளவுன்னு படிச்சுட்டு வாங்குங்க.

வெறும் வயித்து சுகர் மட்டும் 100க்கு மேலயே நிக்குது. ராத்திரி சாப்பாட்டையே விட்டுட்டேன், அப்பவும் குறையல.

விடாதீங்க, விட்டா சில பேருக்கு இன்னும் ஏறும், ராத்திரி வயிறு காலியா கிடந்தா ஈரல் தானா சர்க்கரையை எடுத்து விடும். ராத்திரி 8 மணிக்குள்ள சாப்பிட்டுட்டு, படுக்கப் போறப்ப ஒரு சின்ன டம்ளர் சர்க்கரையில்லாத பாலோ ஒரு கை சுண்டலோ எடுத்துக்கங்க. அப்பவும் 95க்குக் கீழ வரலைன்னா அது சாப்பாட்டால சரி பண்ற விஷயம் இல்ல, டாக்டர் மருந்து ஆரம்பிப்பாரு. நிறைய பொண்ணுங்க இதைத் தன்னோட தோல்வியா எடுத்துக்கிட்டு இன்னும் இன்னும் பட்டினி கிடக்கிறதைப் பாக்கிறேன், மனசு தாங்கல. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க.

ஊசி ஆரம்பிச்சா ஆயுசுக்கும் போடணுமா? பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?

இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைகிட்ட போகாது, அதனாலதான் இவ்வளவு காலமா கர்ப்பிணிக்கு நம்பிக் குடுக்கிறாங்க. பிரசவம் ஆகி நஞ்சுக்கொடி வெளிய வந்ததும் பெரும்பாலானவங்களுக்கு அன்னியோட ஊசி நின்னுடும். 2 வாரம் சாப்பாட்டை மாத்தியும் 2 மணி நேர சுகர் 120க்குள்ள வரலைன்னாதான் வழக்கமா மாத்திரையோ ஊசியோ யோசிப்பாங்க, ரொம்ப ஏறி இருந்தா முன்னாடியே ஆரம்பிப்பாங்க.

ஊசி போடுறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். கை நடுங்கி, வேர்த்து, கண்ணை இருட்டிட்டு வந்தா சுகர் இறங்கிருக்கலாம். 70க்குக் கீழ இருந்தா உடனே 3 ஸ்பூன் குளுக்கோஸ் இல்ல சர்க்கரையைத் தண்ணில கலக்கிக் குடிங்க, 15 நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பாருங்க, ஏறலைன்னா இன்னொரு தடவை. அந்த நேரத்துல சர்க்கரை ஆகாதேன்னு யாரும் தடுக்கக் கூடாது, வீட்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க.

இந்த வெயில்ல எங்க வாக்கிங் போறது?

ரோட்டுக்கே போக வேணாம். பெரிய வீடா இருந்தா வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுத்தி நடக்கலாம், கல் தரை குளுகுளுன்னு இருக்கும், ஈரம் மட்டும் இல்லாம பாத்துக்கங்க, வழுக்கும். சின்ன வீடா இருந்தா முகப்புல இருந்து அடுப்படி வரைக்கும் போய்ட்டு வாங்க. ஒவ்வொரு வேளை சாப்பிட்டதும் 10, 15 நிமிஷம் போதும், காலையில ஒரே மூச்சா ஒரு மணி நேரம் நடக்கிறதைவிட இது ரீடிங்குக்கு நல்லாக் கேக்கும். டாக்டர் பெட் ரெஸ்ட் சொல்லிருந்தா மட்டும் வேணாம்.

எப்ப உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

பிள்ளை அசைவு குறைஞ்ச மாதிரி தெரிஞ்சா, வாந்தியில சாப்பாடே நிக்கலைன்னா, ரீடிங் 200ஐத் தாண்டினா, தலைவலியோட கண்ணு மங்கினா. காலைல போகலாம்னு காத்திருக்காதீங்க.

பிரசவத்துக்கு அப்புறம் சுகர் போயிடும்ல, அப்புறம் என்ன?

பெரும்பாலும் இறங்கிடும். பிள்ளை பிறந்த 1 மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் குடுத்துடுங்க, பிள்ளைக்கு சுகர் இறங்காம இருக்க அது முக்கியம். பிரசவ லேகியம்னு கருப்பட்டியும் நெய்யுமா கிண்டித் தருவாங்க, அதை நெல்லிக்காய் அளவோட நிறுத்திக்கங்க, பூண்டுக் குழம்பு தாராளமாச் சாப்பிடலாம்.

6 வாரம் கழிச்சு அதே 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் இன்னொரு தடவை பண்ணணும், இதைத்தான் முக்கால்வாசிப் பேரு விட்டுடுறாங்க. பிள்ளைக்குத் தடுப்பூசி போடவும் ஒன்றரை மாசத்துல போவீங்கல்ல, அன்னிக்கே உங்களுக்கும் பாத்துடுங்கன்னு நர்ஸ்கிட்ட கேளுங்க. கர்ப்பத்துல சுகர் வந்தவங்களுக்குப் பின்னாடி நிரந்தரமா சுகர் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிடப் பல மடங்கு அதிகம், அதனால நார்மல்னு வந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கணும். அடுத்த பிள்ளைக்கு யோசிக்கிறீங்கன்னா உண்டாகுறதுக்கு முன்னாடியே ஒரு தடவை பாத்துடுங்க, உண்டானதும் முதல் செக்கப்புலயே போன தடவை சுகர் இருந்துச்சுன்னு நீங்களே வாயைத் திறந்து சொல்லிடுங்க, பழைய நோட்டு இருந்தா கைல எடுத்துட்டுப் போங்க.